கராஜ் பங்க், போஸ்ட்-பங்க்: புது ரிலீஸ் எல்லாம் கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

பங்க்ங்கிறது வேகமான, கரடுமுரடான ராக் இசை. புதுசா வந்த ஒரு கராஜ் பங்க் டெமோவ (ஒரு பேண்ட் தானே பதிஞ்சு விடுற ஆரம்ப ரெக்கார்டிங்) முதல் தடவை போட்டுக் கேக்குறவங்க நிறைய பேரு ஸ்பீக்கரத்தான் சந்தேகப்படுவாங்க. குரல் கரகரன்னு ஒடைஞ்சு வருது, டிரம்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அடிக்கிற மாதிரி இருக்கு, கிட்டார் மட்டும் காதுல வந்து குத்துது, சரி என்னதான் பாடுறாங்கன்னு கவனிக்கிறதுக்குள்ள ஒன்றரை நிமிஷத்துல பாட்டே முடிஞ்சு அடுத்தது ஆரம்பிச்சிருது. ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல. அந்த சத்தம் அப்படித்தான் வேணும்னு எடுத்தது. அது ஏன் அப்படி, இதுல எது கராஜ் பங்க், எது போஸ்ட்-பங்க், இப்ப வர்ற பேண்டெல்லாம் ஏன் ரெண்டையும் போட்டுக் கலக்குறாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு பொறுமையா சொல்றேன், மியூசிக் தியரி எதுவும் தெரிஞ்சிருக்க வேணாம்.

ஒரே ஒரு கேள்விய கையில வச்சுக்கோங்க. இந்தப் பாட்ட எந்த வாத்தியம் இழுத்துட்டுப் போகுது? கராஜ் பங்க்ல கிட்டார்தான் முன்னாடி நிக்கும், ரெண்டு மூணு கார்டுதான் (chord, சில ஸ்வரங்கள சேத்து ஒண்ணா அடிக்கிறது) இருக்கும், அதையே ஃபஸ் போட்டு, அதாவது சத்தத்த கரகரப்பாக்கி, விடாம அடிப்பாங்க, டிரம்ஸும் பேஸும் அது பின்னாடியே ஓடும், மொத்த ஃப்ரேமும் சத்தத்தால நிரம்பிரும். போஸ்ட்-பங்க்ல கிட்டார் ஓரமா போயிரும். பேஸ் கிட்டார்தான் ட்யூன வாசிக்கும், டிரம்ஸ் சுத்திச் சுத்தி ஒரே சுழல்ல போகும், கிட்டார் அப்பப்ப வந்து ஒரு வெட்டு வெட்டிட்டுப் போகும், நடுவுல நிறைய காலி இடம் இருக்கும். இது சட்டம் இல்ல, ஆனா பத்து பாட்டு கேட்டா எட்டுல இது சரியா வரும், அந்த மிச்ச ரெண்டுலதான் சுவாரஸ்யமே இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

கராஜ் பக்கம் கதை பங்க்குக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. 1960கள்ல அமெரிக்கா முழுக்க ஸ்கூல் பசங்க வீட்டு கார் ஷெட்டுல பேண்ட் வச்சு வாசிச்சாங்க, கையில காசு இல்ல, ஸ்டுடியோ நேரம் சில மணி நேரம்தான் கிடைக்கும். 1963ல ஓரிகன் மாநிலத்துல போர்ட்லாண்ட்ல கிங்ஸ்மென்ங்கிற பேண்ட் பதிஞ்ச 'லூயி லூயி' பாட்டோட ரெக்கார்டிங் செலவு சுமார் 50 டாலர்னு சொல்வாங்க. மைக்க உயரத்துல தொங்கவிட்டுட்டாங்க, பாடுறவர் தலைய தூக்கிக் கத்த வேண்டியதாப் போச்சு, வரிகள் யாருக்கும் புரியல. புரியலங்கிறதாலயே அதுல ஆபாசமா ஏதோ இருக்குன்னு புகார் கிளம்பி எஃப்பிஐ விசாரணையே நடந்துச்சு, எந்த ஸ்பீடுல ஓட்டிக் கேட்டாலும் என்ன பாடுறாங்கன்னு தெரியலன்னு சொல்லி ஃபைல மூடுனாங்க. அதே வட்டாரத்துல, டகோமாவுல இருந்து சோனிக்ஸ் வந்தாங்க, மொத்த டிரம் செட்டுக்கும் ஒரே ஒரு மைக் வச்சு, மீட்டர் ஊசி சிவப்புக் கோட்டுலயே நிக்கிற மாதிரி பதிஞ்சாங்க. அவங்க 1965 ஆல்பத்த இப்ப போட்டுக் கேளுங்க, நேத்து ரிலீஸ் ஆன டெமோவுக்குப் பக்கத்துல வச்சாலும் ஒண்ணும் வித்தியாசம் தெரியாது.

இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்ட்) பேசப்பட்டதோட காணாமப் போன பேண்டுகள நிறைய திரட்டி, கிட்டாரிஸ்டும் இசை எழுத்தாளருமான லென்னி கே 1972ல 'நக்கெட்ஸ்'னு ரெண்டு எல்பி (முழு நீள ரெக்கார்ட்) தொகுப்பு கொண்டு வந்தாரு. பின்னாடி பங்க் பேண்ட் ஆரம்பிச்ச நிறைய பேருக்கு அதுதான் பாடப்புத்தகம். 1976ல நியூயார்க் பங்க் பேண்ட் ரமோன்ஸோட முதல் ஆல்பம் வந்துச்சு, அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல செயின்ட்ஸ்ங்கிற பேண்ட் தங்களோட முதல் சிங்கிள தாங்களே காசு போட்டு வெளியிட்டாங்க, லண்டன் பேண்டுகளோட முதல் ரெக்கார்ட் வர்றதுக்கு முன்னாடியே. ஆஸ்திரேலியாவ ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சரி, பங்க் வந்த ஒரே வருஷத்துல அதோட ஃபார்முலா பலருக்கு அலுத்துப்போச்சு. அந்த இடத்துலதான் போஸ்ட்-பங்க். 1977ல வயர்ங்கிற பேண்ட் போட்ட 'பிங்க் ஃபிளாக்' ஆல்பத்துல 21 பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சொல்ல வேண்டியது முடிஞ்ச உடனே பாட்ட நிறுத்திருவாங்க, இன்னொரு கோரஸ் வரும்னு எதிர்பார்த்தா வராது. இந்தக் கலைய இன்னைக்கு வரைக்கும் எல்லா புது பேண்டும் அங்கேர்ந்துதான் எடுக்குது.

போஸ்ட்-பங்க்குல பேஸ் ஏன் இவ்ளோ பெருசாச்சுன்னு கேட்டா பதில் ஜமைக்காவுல இருக்கு. 1977ல லண்டன் ராக்ஸி கிளப்ல பங்க் பேண்டுகளுக்கு நடுவுல பாட்டு போட்ட டான் லெட்ஸ்கிட்ட போடுறதுக்கு பங்க் ரெக்கார்டே பெருசா இல்ல, அதனால ஜமைக்கா இசையான ரெக்கேவும் டப்பும் போட்டாரு, அந்தக் கூட்டம் பங்க் பேண்ட பாத்துட்டு நடுவுல டப் கேட்டுச்சு. டப்ல மிக்ஸ் பண்றவர் கிட்டாரையும் குரலையும் எடுத்துட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் விடுவாரு, எடுத்த பகுதியோட எதிரொலி மட்டும் மிச்சம் நிக்கும். அந்தக் காலி இடம்தான் போஸ்ட்-பங்க்குக்குள்ள வந்துச்சு. லண்டன் பங்க் பேண்ட் செக்ஸ் பிஸ்டல்ஸ்ல இருந்து வெளிய வந்த ஜான் லைடன் ஆரம்பிச்ச பப்ளிக் இமேஜ் லிமிடெட், 1979ல 'மெட்டல் பாக்ஸ்'ங்கிற ஆல்பத்த மூணு பன்னெண்டு இன்ச் ரெக்கார்டா, ஒரு தகர டப்பாவுல போட்டு வித்தாங்க. ஒரு பக்கத்துக்குக் கொஞ்சப் பாட்ட மட்டும் வச்சு 45 ஸ்பீடுல வெட்டுனா பள்ளத்துக்கு இடம் நிறைய கிடைக்கும், பேஸ் நல்லா வரும், அதுக்குத்தான் ஒரே ஆல்பத்த மூணா பிரிச்சாங்க. அதே வருஷம் ஸ்லிட்ஸ் பேண்டோட 'கட்' ஆல்பத்த தயாரிச்சது டென்னிஸ் போவெல், ரெக்கே உலகத்துலேர்ந்து வந்தவர்.

கிட்டக்க போய் ஒண்ணு கேட்டுப் பாக்கலாம். லீட்ஸ் நகரத்து கேங் ஆஃப் ஃபோர், 1979, 'என்டர்டெயின்மென்ட்!' ஆல்பம். ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு முதல்ல டேவ் ஆலனோட பேஸ மட்டும் பிடிங்க, அது டான்ஸ் பாட்டு பேஸ், ஆட வைக்கிற மாதிரி உருண்டு போகும். இப்ப ஆண்டி கில்லோட கிட்டாருக்கு மாறுங்க. பொதுவா ராக் கிட்டாரிஸ்டுங்க வால்வ் ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர்)தான் விரும்புவாங்க, அது சத்தத்த கொஞ்சம் உருக்கி, சூடா, நீளமா இழுத்துக் குடுக்கும். இவரு வேணும்னே டிரான்சிஸ்டர் ஆம்ப் எடுத்தாரு, அதுல சத்தம் வறட்டுனு, கூர்மையா வந்து டக்குனு செத்துரும். சோலோ வர வேண்டிய இடத்துல கிட்டார் மொத்தமா நின்னுரும், பேஸும் டிரம்ஸும் மட்டும் போகும், நம்ம காது அந்த கிட்டார தேட ஆரம்பிக்கும், அப்பத்தான் திரும்ப ஒரு வெட்டு விழும். இத ஒரு தடவை காதுல பிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் எந்த புது போஸ்ட்-பங்க் பேண்ட் கேட்டாலும் அவங்க எங்க நிறுத்துறாங்க, எங்க விடுறாங்கன்னுதான் கவனம் போகும்.

கார்டிஃப்லேர்ந்து வந்த யங் மார்பிள் ஜயண்ட்ஸ் 1980ல போட்ட ஒரே ஆல்பத்துல டிரம்மரே கிடையாது, டிரம் மெஷின் சத்தத்த கேசட்ல பதிஞ்சு அதத்தான் ஓட்டுனாங்க, எல்லாரும் சத்தமா கத்திட்டிருந்த நேரத்துல மெதுவா பாடுனாங்க. அமைதியான போஸ்ட்-பங்க் பிடிக்கும்னா அங்க ஆரம்பிங்க.

ரெண்டு வகைக்கும் பொதுவான ஒண்ணு, தானே பதிஞ்சு தானே வெளியிடுறது. மான்செஸ்டர் பேண்ட் பஸ்காக்ஸ் 1976 டிசம்பர்ல வீட்டுலயும் நண்பர்கள்கிட்டயும் சுமார் 500 பவுண்ட் கடன் வாங்கி நாலு பாட்டு பதிஞ்சு, 1977 ஜனவரியில 1000 காப்பி அடிச்சாங்க, அதுதான் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. கவர்ல ஒவ்வொரு பாட்டும் எத்தனாவது டேக் (எத்தனாவது தடவை வாசிச்சது), மேல எத்தனை ஓவர்டப் (அப்புறமா சேத்துப் பதியிறது) பண்ணாங்கன்னு அச்சடிச்சிருந்தாங்க. மூணாவது டேக், ஓவர்டப் இல்லன்னு போட்டிருக்கிறத படிக்கிற ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ, அட இவ்ளோதானா, இத நாமளும் பண்ணலாமேன்னு தோணும். அந்த கவர் பண்ண வேலை பாட்டு பண்ண வேலைக்கு கொஞ்சமும் குறைஞ்சதில்லன்னு நான் நினைக்கிறேன். 1979ல டாஸ்காம் கம்பெனியோட போர்ட்டாஸ்டுடியோ வந்துச்சு, சாதா கேசட்லயே நாலு டிராக் தனித்தனியா பதியலாம், அதுக்கப்புறம் ஸ்டுடியோ கடனும் தேவைப்படல, பெட்ரூம் போதும்.

அந்த கரகரப்பு எங்கேர்ந்து வருதுன்னும் சொல்லிடறேன். டேப்புக்கோ ஆம்புக்கோ தாங்குற அளவு ஒண்ணு உண்டு, அதுக்கு மேல சிக்னல தள்ளுனா அலையோட உச்சி தட்டையாயிரும், தட்டையாகும்போது முன்னாடி இல்லாத புது ஸ்வரங்கள் சேர்ந்துக்கும், அதத்தான் நாம டிஸ்டார்ஷன்னு கேக்குறோம். கிட்டாருக்கு இத பண்றது எல்லாருக்கும் பழகிருச்சு, கராஜ் பங்க்ல குரலுக்கும் பண்ணுவாங்க, டிரம்ஸுக்கும் பண்ணுவாங்க. அப்ப குரலும் ஒரு வாத்தியம் மாதிரி ஆயிரும், வரி புரியறது ரெண்டாம்பட்சம், அந்த வேகமும் கோவமும் முதல்ல வந்து சேரும். இப்ப லேப்டாப்லயே பளபளன்னு பதியலாம், ஆனாலும் பழைய கேசட் மெஷின தேடி வாங்குறாங்கன்னா, ரெக்கார்டிங் பண்ற முறையே பாட்டோட ஒரு பகுதின்னு நினைக்கிறதாலதான்.

கராஜ் பங்க் நடுவுல அழிஞ்சிரல. 1993ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல கோனர் ரெக்கார்ட்ஸ்ங்கிற லேபிள் (ரெக்கார்ட் வெளியிடுற கம்பெனி) ஆரம்பிச்சாங்க, அவங்க போட்ட முதல் ரெக்கார்டு ஜப்பான் பேண்ட் கிட்டார் வுல்ஃப் ஓடது. 2005ல இருந்து வருஷா வருஷம் அங்க கோனர்ஃபெஸ்ட்ங்கிற இசை விழா நடக்குது. அதே ஊர்க்காரர் ஜே ரீடர்ட், 2006ல கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசிச்சுப் பதிஞ்ச 'பிளட் விஷன்ஸ்' இந்த நூற்றாண்டோட கராஜ் பங்க்குக்கே ஒரு அளவுகோல். 2010ல 29 வயசுல இறந்துட்டாரு. ஒத்த ஆளா ரூம்ல உக்காந்து முழு பேண்ட் சத்தத்தையும் உண்டாக்குற இன்னைய பசங்க நிறைய பேருக்கு வழி காட்டுனது அந்த ஆல்பம்தான்.

இப்ப ஆஸ்திரேலியா. மெல்போர்ன்ல ஒரு வினைல் ரெக்கார்ட் ஃபேக்டரியோட கிறிஸ்துமஸ் பார்ட்டியில சும்மா சேர்ந்து வாசிச்சதுல உருவான பேண்ட் எடி கரன்ட் சப்ரெஷன் ரிங், அவங்களோட 'பிரைமரி கலர்ஸ்' 2008ல வந்து ஆஸ்திரேலியன் மியூசிக் பிரைஸும் வாங்குச்சு. அதுல கிட்டார் வாசிச்ச மைக்கி யங் பேர குறிச்சு வச்சுக்கோங்க. உலகம் முழுக்க வர்ற இந்த வகை ரிலீஸ்களோட கிரெடிட்ஸ்ல, மாஸ்டரிங் (ரிலீஸுக்கு முன்னாடி சத்தத்த கடைசியா சரி பண்றது) மைக்கி யங்னு அடிக்கடி பாப்பீங்க, பேண்டே யாருன்னு தெரியாட்டியும் அந்த வரிய பாத்தா நான் ஒரு தடவை போட்டுக் கேட்டுருவேன்.

அடுத்து எக் பங்க்னு ஒரு பேரு காதுல விழும். மீம்ல இருந்து பரவுன பேரு, ஆனா குறிக்கிற சத்தம் தெளிவா இருக்கு. அமெரிக்காவுல வடமேற்கு இண்டியானாவுல கோன்ஹெட்ஸ்னு ஒரு பேண்ட், ஓஹையோவோட பழைய டீவோ பேண்ட் மாதிரி விறைப்பான, எகிறி எகிறி போற ரிதம எடுத்து, பங்க் ஸ்பீடுல, மெலிசான கிட்டார் டோன்ல வாசிச்சாங்க. அதுலேர்ந்து கிளம்புனவங்க டேப்ப மெதுவா ஓட்டிப் பதிஞ்சு அப்புறம் வேகமா ஓட விடுவாங்க, அப்ப குரல் சன்னமா மேல ஏறிரும், எல்லாமே கார்ட்டூன் வேகத்துல போகும், கூட ஒரு விலை கம்மியான சிந்தசைசர். சிட்னியோட ஜீ டீ, லண்டன்ல உக்ரைன்காரர் ஒருத்தர் தொடங்குன பவர்பிளான்ட், நாஷ்வில்லோட ஸ்னூப்பர் எல்லாம் இந்தப் பக்கம். ஸ்னூப்பர் 2023ல தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ்ல போட்ட முதல் ஆல்பம் அரை மணி நேரம் கூட இல்ல, மேடையில பேப்பர் கூழ்ல செஞ்ச பெரிய பொம்மைங்களோட வருவாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கும். இதுல இப்ப காப்பி அடிக்கிறவங்களும் நிறைய, குரல ஏத்திட்டா பாட்டாயிரும்னு நினைக்கிறாங்க, ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் ட்யூன்) நல்லா இல்லன்னா எந்த ஸ்பீடும் காப்பாத்தாது.

முதல்ல சொன்னேன்ல, பத்துல ரெண்டு, அது இதுதான். எக் பங்க்ல வேகமும் மோசமான ரெக்கார்டிங்கும் கராஜ்ல இருந்து வந்தது, வெட்டி வெட்டி நிறுத்துற கிட்டாரும் ஓடுற பேஸும் போஸ்ட்-பங்க்ல இருந்து வந்தது. மினியாபோலிஸ்காரங்க யுரேனியம் கிளப், 2024ல 'இன்ஃபன்ட்ஸ் அண்டர் த பல்ப்' போட்டாங்க, அதுல ரெண்டு கிட்டாரும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டே போகும், மேல ஒருத்தர் கதை சொல்ற மாதிரி பேசுவாரு. ஆர்.எம்.எஃப்.சி.ங்கிற பேர்ல பஸ் கிளாட்வொர்த்தி 2023ல போட்ட 'கிளப் ஹிட்ஸ்'லயும் இதே கலவைதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஸ்வீப்பிங் பிராமிசஸ். லிரா மொண்டல் பேஸ் வாசிச்சுப் பாடுறாங்க, காஃபீல்ட் ஷ்னுக் கிட்டார். பாஸ்டன்ல யாரும் பயன்படுத்தாத ஒரு கான்கிரீட் லேபுக்குள்ள ஒரே ஒரு மைக் வச்சு 2020ல வந்த 'ஹங்கர் ஃபார் எ வே அவுட்' ஆல்பத்த பதிஞ்சாங்க. ஒரு மைக்னா அப்புறமா உக்காந்து கிட்டார மட்டும் ஏத்தவோ குரல மட்டும் இறக்கவோ முடியாது, யார் மைக்குக்கு எவ்ளோ தூரத்துல நிக்கிறாங்கங்கிறதுதான் மிக்ஸிங். அந்த கான்கிரீட் சுவரோட எதிரொலி டிரம்ஸ்ல அப்படியே கேக்கும், குரல் அந்த ரூமையே நிரப்பும். வாசிக்கிற முறை முழுக்க போஸ்ட்-பங்க், பதிஞ்ச முறை சோனிக்ஸ் காலத்து கராஜ். 2023ல வந்த அடுத்த ஆல்பத்தையும் கேளுங்க, ஆனா முதல்ல இது.

புது ரிலீஸ் எப்படி வருதுன்னா, பெரும்பாலும் முதல்ல ஒரு டெமோ கேசட், நாலஞ்சு பாட்டு, 50 இல்ல 100 காப்பி, ஜெராக்ஸ் எடுத்து மடிச்ச கவர். அது பேசப்பட்டா ஒரு சின்ன லேபிள் செவன் இன்ச், அதாவது ஏழு இன்ச் சின்ன ரெக்கார்டு, போடும். அப்புறம்தான் எல்பி. நேரா எல்பிக்குப் போகாதீங்க, இந்த இசை நல்லா உக்கார்றது செவன் இன்ச்லதான், ஒரு பக்கத்துக்கு நாலஞ்சு நிமிஷம்தான் இடம், அதனால தேவையில்லாத ஒண்ணும் உள்ள வராது. கேசட் இவ்ளோ பரவுனதுக்கு ஏக்கம் மட்டும் காரணம் இல்ல. 2020 பிப்ரவரியில கலிஃபோர்னியாவுல அப்போலோ மாஸ்டர்ஸ் ஃபேக்டரி எரிஞ்சு போச்சு, வினைல் வெட்டத் தேவையான லாக்கர் தட்டு செய்யிற இடம் உலகத்துலயே ரெண்டுதான் இருந்துச்சு, அதுல ஒண்ணு அது. கூடவே கோவிட், பெரிய கம்பெனிகளோட ஆர்டர் குவியல், சின்ன பேண்டுகளோட ரெக்கார்டு மாசக்கணக்குல வரிசையில நின்னுச்சு. கேசட்ட வீட்டுலயே ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா காப்பி பண்ணிரலாம்.

கேக்குறதுக்கு பேண்ட்கேம்ப்ங்கிற இணையதளம்தான் முக்கியமான இடம், பெரும்பாலும் முழுசா கேட்டுட்டு வாங்கலாம், நிறைய பேரு விலையவே நம்மகிட்ட விட்டுருவாங்க. டிஜிட்டல் விற்பனையில தளம் 15 சதவீதம் எடுக்கும், 2020 மார்ச்ல இருந்து சில மாசங்கள்ல முதல் வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக் குடுக்குறாங்க, வாங்குறதா இருந்தா அன்னைக்கு வாங்குங்க, பேண்டுக்கு இன்னும் கொஞ்சம் சேந்து போகும். 2022ல எபிக் கேம்ஸ் அத வாங்கி, அடுத்த வருஷமே சாங்டிராடருக்கு வித்து, அங்க வேலை பாத்தவங்கள்ல பாதிப் பேருக்கு வேலை போச்சு. அதனால பிடிச்சத வாங்கி டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, ஒரே கம்பெனிய நம்பி எல்லாத்தையும் விட வேணாம்.

பேண்ட் பேண்டா தேடுறத விட லேபிள் லேபிளா தேடுங்க. சின்சினாட்டியோட ஃபீல் இட், மெல்போர்ன் பக்கம் ஆன்டி ஃபேட், லண்டன்ல ஸ்டேடிக் ஷாக், லா விடா எஸ் உன் முஸ், இந்த நாலோட பக்கத்த ஃபாலோ பண்ணாலே ஒரு வருஷத்துக்குக் கேக்க இருக்கு. 1982ல ஆரம்பிச்ச மேக்சிமம் ராக் அண்ட் ரோல் இதழ் 2019ல அச்ச நிறுத்திட்டாலும் ஆன்லைன்ல ரிவ்யூ இன்னும் வருது, டெமோ கேசட்டுக்குக் கூட எழுதுவாங்க. இந்த பேண்டுகள் அடிக்கடி ரெண்டு மூணு வருஷத்துல கலைஞ்சிரும், ஆனா அதே ஆளுங்க வேற பேர்ல வேற வாத்தியத்தோட திரும்ப வருவாங்க. அதனால பிடிச்ச ரெக்கார்டு கிடைச்சா கிரெடிட்ஸ்ல டிரம்மர் பேர பாருங்க, நல்ல டிரம்மர் எப்பவும் பற்றாக்குறை, ஒரே ஆள் ஒரே ஊர்ல நாலு பேண்டுல வாசிச்சிட்டிருப்பாரு, அந்த நாலையும் தேடிக் கேளுங்க.